பதினான்காம் நம்பர் பெட்

மகனே,

வழக்கமாக "தம்பி" என்று எழுதித்தான் ஆரம்பிப்பேன். இன்று கை வரவில்லை. நலமா என்று கேட்கவும் தோன்றவில்லை. நீ நன்றாகத்தான் இருக்கிறாய் என்பது உன் குரலிலேயே தெரிந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை நாலு தடவை கேட்டேன். "ஏம்மா, உனக்கென்ன பைத்தியமா? எத்தனை பேர்ட்ட பேசி ஏற்பாடு பண்ணினேன்! நீ பாட்டுக்கு எந்திரிச்சு வந்துட்டேங்கிற" என்று நீ போட்ட சத்தம் பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கும். எனக்கு அந்த மாதிரி பேசிப் பதில் அனுப்ப வராது. பாதியில் கோபம் வந்து விரலை எடுத்துவிடுகிறேன், அது அரைகுறையாகப் போய்ச் சேர்கிறது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதி முடித்ததும் படம் எடுத்து நம் குடும்ப குரூப்பில் போடப்போகிறேன். உனக்கு மட்டும் அனுப்பினால் கட்டைவிரலைக் காட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். உன் சித்தப்பாவும் அத்தைமார்களும் படிக்கட்டும். இதில் என் தப்பும் இருக்கிறது. அதையும் சேர்த்தே படிக்கட்டும்.

எல்லோரும் படிக்கப்போவதால் முதலிலிருந்து சொல்கிறேன், உனக்குத் தெரிந்ததுதான். என் பித்தப்பையில் கல். நாலு வாய் எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டால் வலது விலாவுக்குக் கீழே பிடித்து முதுகு வரைக்கும் இழுக்கும். ஆபரேஷன்தான் வழி என்றார்கள். நீ நிர்வாகம் பார்க்கிற சென்னை ஆஸ்பத்திரிக்கு வா என்று கூப்பிட்டாய். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் இருக்கிற நம் டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள் நான். பெண்கள் ஆபரேஷன் வார்டுக்கு இன்சார்ஜ் சிஸ்டராக இருந்துதான் ரிடையர் ஆனேன். வயிற்றைக் கிழிப்பதானால் அங்கேயே கிழிக்கட்டும் என்று சொன்னேன். அதுவும் ஒரு வீம்புதான், ஒத்துக்கொள்கிறேன். முதல் தடவை தேதி கொடுத்தார்கள். இரண்டு நாள் முன்னாடியே பையோடு போய் வராந்தாவில் காத்துக் கிடந்தேன். ஆபரேஷன் அன்றைக்குப் பச்சைத் தண்ணீர்கூட இல்லாமல் மத்தியானம் வரை இருந்தபின், "பெட் இல்லைம்மா, அடுத்த வாரம் வாங்க" என்றார்கள். அடுத்த வாரம் போனால் வார்டுக்குள்ளேயே விடவில்லை. நான் பேசாமல் திரும்பி வந்தேன். உனக்குத்தான் பொறுக்கவில்லை. உன்னோடு ஹாஸ்டலில் இருந்த ஒருவன் இப்போது டிரஸ்ட் செக்ரட்டரியின் மாப்பிள்ளை. அவனுக்கு ஒரு ஃபோன் போட்டாய். "இனிமே உன்னை யாரும் திருப்பி அனுப்ப மாட்டாங்கம்மா" என்றாய். நானும் சரி என்றுதான் சொன்னேன். உன்மேல் மட்டும் பாய்வதற்கு முன்னால் இதையும் எழுதிவிட வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலையில் கார் அனுப்பினாய். போய் இறங்கியதும் வீல்சேர் வந்தது. புது வெள்ளை விரிப்புப் போட்ட பெட். பதினான்காம் நம்பர். நான் அதில் படுத்து, கண்ணை மூடி, என்னவோ ராஜமரியாதை என்று ஒரு பத்து நிமிஷம் சந்தோஷப்பட்டேன். தலைமாட்டில் நோயாளி பெயர் எழுதுகிற சின்ன வெள்ளைப் பலகை இருக்கும். அதில் என் பெயரை எழுதியிருந்தார்கள். அதற்கு அடியில் சரியாக அழிக்காமல் "தனக்" என்று பாதிப் பெயர் தெரிந்தது. முப்பது வருஷம் அந்தப் பலகைகளை எழுதி அழித்தவள் நான். பெட்டை விட்டு எழுந்தேன். வெளியே வராந்தாவுக்கு வந்து பார்த்தேன். சுவரோரம் ஒரு கட்டைப்பை, ஒரு தண்ணீர் பாட்டில், மடித்து வைத்த போர்வையோடு ஒரு பெண் தரையில் உட்கார்ந்திருந்தாள். நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். முகத்தில் ரத்தமே இல்லை. கையில் ஊசி போட டியூப் குத்தி, பிளாஸ்டர் ஒட்டியபடியே இருந்தது.

"உன் பேரு என்னம்மா?" என்றேன்.

"தனக்கொடிங்க. உடையார்பாளையம் பக்கம்."

"ஏன் கீழ உக்காந்திருக்க?"

"அந்த பெட்டு ரிப்பேராம்க்கா. எந்திரிங்கன்னாங்க. நேத்து ராத்திரி நல்லாத்தான் இருந்துச்சு. இன்னிக்கு ஆபரேசன் இல்லையாம், வூட்டுக்குப் போயிட்டு அடுத்த மாசம் வரச் சொல்லிட்டாங்க."

கர்ப்பப்பையில் கட்டி. மாதத்தில் பாதி நாள் ரத்தம் போகிறது. முந்திரி உடைக்கிற இடத்தில் கூலி வேலை, அங்கே நிற்க முடியாமல் இரண்டு தடவை மயங்கி விழுந்திருக்கிறாள். உடம்பில் ரத்தம் குறைவாக இருக்கிறது, ஏற்றிக்கொண்டு வந்தால்தான் மயக்கம் கொடுக்க முடியும் என்று டாக்டர் சொல்ல, ஊசி, மாத்திரை, கீரை, பேரீச்சம்பழம் என்று மூன்று மாதம் பாடுபட்டு அளவுக்குக் கொண்டு வந்தால், தேதி தள்ளிப்போகிறது. தள்ளிப்போனதும் மறுபடி ரத்தம் போகிறது, அளவு இறங்குகிறது, முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள். இதோடு மூன்றாவது தடவையாம். அவள் வீட்டுக்காரர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் டிப்பர் ஓட்டுகிறார், லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். இந்த மாதிரி ஆபரேஷனுக்கு நீங்களெல்லாம் வைத்திருக்கிற பெயர் "அவசரமில்லாத கேஸ்". தேதி போட்டுச் செய்வதால் அவசரம் இல்லையாம். யாருக்கு அவசரம் இல்லை? ரத்தம் போகிறவளுக்கா, லிஸ்ட் எழுதுகிறவனுக்கா?

நேராக வார்டுக்குள் போனேன். இப்போது இன்சார்ஜாக இருப்பவள் புஷ்பா. உனக்குத் தெரியும், நான் வேலை சொல்லிக்கொடுத்த பெண். "ஏண்டி, அந்தப் பொம்பளைய எழுப்பிட்டு என்னைப் போட்டியா?" என்று கேட்டேன். அவள் கண்ணை ஏறிட்டுப் பார்க்காமல், கையில் இருந்த நோட்டைப் புரட்டிக்கொண்டே சொன்னாள்: "செக்ரட்டரி வூட்லேர்ந்து ஃபோன் வந்துச்சு சிஸ்டர். நான் என்ன பண்ண முடியும்? பதினாலு எப்பவும் ரிப்பேர்தான. வேற இடமில்லாம நேத்து ராத்திரி மட்டும் அவளை அதுல படுக்க வெச்சேன். நீங்க வெச்ச பழக்கம்தானே?"

நீ இதைப் படிக்கிற இடத்தில் நிறுத்தி இன்னொரு தடவை படி.

அவள் சொன்னது பொய் இல்லை. நான் இன்சார்ஜ் ஆன புதிதில், ஓர் அவசரம் என்றால் "இடம் இல்லை" என்று சொல்ல வேண்டாமே என்று ஒரு பெட்டைக் கணக்கில் காட்டாமல் ஒதுக்கி வைத்தேன். "ரிப்பேர்" என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டேன். நல்ல எண்ணம்தான். கொஞ்ச நாளில் டாக்டரின் மாமியார், டிரஸ்டியின் டிரைவர் பெண்டாட்டி, நம் தெருக்காரர்கள் என்று அந்தப் பெட் வேண்டியவர்களுக்கு ஆகிவிட்டது. எல்லோரும் என்னிடம் பல்லைக் காட்டிப் பேசினார்கள், எனக்கும் அது பிடித்திருந்தது. ஆண்கள் வார்டில் இதைப் பார்த்து இரண்டு ஒதுக்கினார்கள். எலும்பு வார்டில் ஒன்று. வாசலில் "பெட் இல்லை" என்று ஜனங்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டே உள்ளே வார்டுக்கு வார்டு காலிப் பெட்டை மூடி வைத்திருந்தோம். பஸ் ஜன்னலில் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிற ஆள் ஒருத்தன் இருந்தால் சிரித்துக்கொண்டு போகலாம், எல்லோரும் போட்டால் யார் உட்காருவது? உனக்குப் பத்து வயதில் குடல் இறக்கம் வந்ததே, நினைவிருக்கிறதா? சின்னப் பையன் அம்மாவோடு இருக்கட்டும் என்று உன்னை அந்தப் பெட்டில்தான் போட்டேன். அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "ரிப்பேர்னு போட்டிருக்கே, நல்லாத்தானம்மா இருக்கு?" என்று கேட்டாய். "உனக்குன்னா சரியாயிடும்டா" என்று சொல்லிச் சிரித்தேன். பக்கத்துப் பெட்காரிகளும் சிரித்தார்கள். அன்றைக்கு வேறொரு பிள்ளையை ஓ.பி.யிலிருந்து வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். யார் என்றுகூட எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை, பார்க்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. உனக்குச் சோறு ஊட்டிய மாதிரி இந்தப் பழக்கத்தையும் நான்தான் ஊட்டியிருக்கிறேன். அதனால் என் கோபத்தில் பாதி எனக்கு.

மீதிப் பாதி உனக்குத்தான். ஏனென்றால் எனக்குத் தெரியாதது உனக்குத் தெரியும். போன பொங்கலுக்கு வந்தபோது, உன் சென்னை ஆஸ்பத்திரியில் நீ செய்ததையெல்லாம் கரும்பைக் கடித்துக்கொண்டே சொன்னாயே. ரத்தப் பரிசோதனை, இ.சி.ஜி., மயக்க டாக்டர் பார்ப்பது எல்லாவற்றையும் ஓ.பி.யிலேயே முன்கூட்டி முடித்துவிடுவது, ஆபரேஷன் அன்றைக்குக் காலையில் மட்டும் நோயாளி வந்தால் போதும் என்று வைப்பது, வீட்டுக்குப் போகிறவர்களுக்கு முந்தின நாளே சீட்டை எழுதி வைத்துக் காலையில் அனுப்புவது, எந்த வார்டில் எது காலி என்று ஒரே ஆள் ஒரே திரையில் பார்ப்பது. "பெட் பத்தலைன்னு சொல்றாங்கள்ல, அதுல பாதி பொய்ம்மா. பெட் இருக்கும், எங்க இருக்குன்னு யாரும் சொல்ல மாட்டாங்க" என்று சொன்னாய். எனக்குப் பெருமையாக இருந்தது. உள்ளே கொஞ்சம் சுருக்கென்றும் இருந்தது. உன்னிடம் பதினாலாம் நம்பரைப் பற்றி அன்றைக்கே சொல்லியிருக்கலாம், வாயை மூடிக்கொண்டு பொங்கலைப் பரிமாறினேன்.

இவ்வளவும் தெரிந்த நீ உன் அம்மாவுக்கு என்று வந்ததும் என்ன செய்தாய்? ஒரு ஃபோன். அவ்வளவுதான். ஒரு நாள் லீவு போட்டு வந்து அந்த வார்டில் ஒரு மணி நேரம் நின்றிருந்தால் உனக்கே விளங்கியிருக்கும். செவ்வாய்க்கிழமை நான் எண்ணிப் பார்த்தேன். மூன்றாம் நம்பரில் இருந்தவளுக்குத் தையல் பிரித்து, துணி மாற்றி, சீட்டுக்காகக் காத்திருக்கிறாள். கையெழுத்துப் போட வேண்டிய டாக்டர் ஆபரேஷன் தியேட்டருக்குள் இருக்கிறார், நாலு மணிக்குத்தான் வெளியே வருவார். ஆறாம் நம்பருக்குச் சீட்டும் வந்துவிட்டது, செவ்வாய்க்கிழமையில் மருமகளை வீட்டுக்கு அழைத்துப்போக மாட்டோம், விடிந்து புதன்கிழமை போகிறோம் என்று மாமியார்க்காரி பெட்டிலேயே காலை நீட்டிப் படுத்திருக்கிறாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். திங்கள்கிழமை மத்தியானமே, "நாளைக்குச் செவ்வாய், இன்னிக்கே கிளம்பிடுங்க" என்று யாராவது சொல்லியிருந்தால் சந்தோஷமாகப் போயிருப்பாள். நம் ஜனங்கள் செவ்வாய் பார்ப்பார்கள் என்பது டாக்டருக்கும் தெரியும், சிஸ்டருக்கும் தெரியும், கேன்டீன்காரருக்கும் தெரியும். ஆனால் லிஸ்ட் எழுதும்போது யாருக்கும் தெரியாது. வியாழக்கிழமை ஆபரேஷனுக்கு பெட் பிடித்து வைக்கப் பதினோராம் நம்பரில் ஒரு பாடாலூர்காரி திங்கள்கிழமையிலிருந்தே உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருக்கிறாள். இத்தனையும் இருக்க, தனக்கொடி தரையில்.

அப்புறம் நடந்ததைச் சொல்கிறேன். நீ என்னைத் திட்டியதில் ஒரு நியாயம் இருப்பதும் இதில்தான். நான் தியேட்டர் வாசலுக்கே போய், ஒரு ஆபரேஷனுக்கும் அடுத்ததற்கும் நடுவில் டாக்டரைப் பார்த்தேன். சின்ன வயசு, நல்ல பையன். "எனக்கு வேண்டாம் சார், அந்தப் பெண்ணைப் போடுங்க" என்றேன். அவருக்கு விஷயமே தெரியவில்லை, முகம் சிவந்துவிட்டது. உடனே கூட்டி வாருங்கள் என்றார். ஓடினேன். தனக்கொடியைக் கையைப் பிடித்துத் தூக்கினேன். மயக்க டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எதாவது சாப்பிட்டீங்களா?"

"இல்லன்னுட்டாங்களேன்னு டீயும் பன்னும் வாங்கிக் குடுத்தாருங்க" என்று அவள் வீட்டுக்காரரைக் காட்டினாள். அந்த மனுஷன் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "நாந்தான் கெடுத்துட்டேன், நாந்தான் கெடுத்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வயிறு நிறைந்திருந்தால் மயக்கம் கொடுக்க முடியாது. ஆறு மணி நேரம் ஆக வேண்டும், அதற்குள் தியேட்டரை மூடிவிடுவார்கள். சரி, நீங்களாவது வாங்க, நீங்க வெறும் வயிறுதானே என்று டாக்டர் என்னைக் கூப்பிட்டார். நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டு என் கையில் குத்தியிருந்த டியூபைப் பிடுங்கச் சொல்லிப் பஸ் ஏறிவிட்டேன். அந்த நேரத்துக்குத் தியேட்டர் சும்மா கிடந்தது. டாக்டர் இருந்தார், சிஸ்டர் இருந்தார், மருந்து இருந்தது, ஆள் இல்லை. "ஒரு ஸ்லாட்டை வேஸ்ட் பண்ணிட்டே" என்று நீ கத்தினாய். ஆமாம், வீணடித்துவிட்டேன். என்னைச் செய்துகொள்ளச் சொன்னது சரி, நான் கோபத்தில் கிளம்பியது தப்பு. தியேட்டர் நேரத்தைக் கோபத்தில் வீசியெறிய எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்த நேரத்தை முதலில் திருடியது நாம்தான், நீயும் நானும். அதைப் பற்றி உன் மெசேஜில் ஒரு வார்த்தைகூட இல்லையே என்றுதான் நாலு தடவை கேட்டேன்.

பஸ்ஸ்டாப்பில் தனக்கொடி என் பக்கத்தில்தான் நின்றாள். மனசு கேட்காமல் சொல்லிவிட்டேன். "பெட்டு ரிப்பேர் இல்லம்மா. எனக்காக உன்னை எழுப்பிட்டாங்க. என் மகன் ஃபோன் பண்ணிச் சொன்னது." கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பரவால்லக்கா. பெத்த தாய்க்குத்தான செஞ்சிருக்கு. எம் புள்ளையும் திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கான். அவனுக்கு யாரையாச்சும் தெரிஞ்சிருந்தா அவனும் இப்புடித்தான் பண்ணியிருப்பான்" என்றாள். அவள் என்னை மன்னித்தது எனக்குப் பொறுக்கவில்லை. அவள் நம்பரை வாங்கிக்கொண்டேன். என் நம்பரையும் கொடுத்தேன்.

இதுவரைக்கும் நேற்று எழுதியது. இன்றைக்கு வெள்ளிக்கிழமை, காலையில் தனக்கொடி ஃபோன் பண்ணினாள். புதன்கிழமையிலிருந்து ரத்தம் நிற்காமல் போகிறதாம். ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறாள். அளவு ரொம்பவும் இறங்கிவிட்டது, ரத்தம் ஏற்ற வேண்டும், வார்டில் படுக்க வை என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். பெட் இல்லை என்று ஓ.பி. பெஞ்சிலேயே உட்கார வைத்திருக்கிறார்களாம். நான் புஷ்பாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்: "பதினாலு காலியாத்தான் இருக்கு சிஸ்டர். உங்களுக்குன்னு வெச்சிருக்கு. உங்க மகனோட ஃப்ரெண்டு சொல்லி வெச்சது, அவுங்களா விடச் சொன்னாத்தான் விட முடியும். நான் கைவெச்சா என் வேலை போயிடும்."

நாலு நாளாக, மகனே. செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. வெள்ளை விரிப்போடு, ரிப்பேர் அட்டையோடு, என் பெயரில்.

உன்னை மூன்று தடவை கூப்பிட்டேன். மூன்று தடவையும் கட் செய்துவிட்டு "மீட்டிங்மா" என்று அனுப்பினாய். அதனால்தான் இதை இப்படியே, அடித்ததும் திருத்தியதுமாக, குரூப்பில் போடுகிறேன். படிக்கிறவர்கள் யாராக இருந்தாலும் என் மகனை அந்த மீட்டிங்கிலிருந்து எழுப்பி வெளியே கொண்டு வாருங்கள். மகனே, நீ தனக்கொடிக்காக யாரிடமும் சிபாரிசு பேச வேண்டாம். டாக்டர் சீட்டு அவள் கையில் இருக்கிறது, அடுத்த முறை அவளுடையது. "எங்க அம்மாவுக்கு அந்த பெட் வேண்டாம், விட்டுடுங்க" என்று உன் சிநேகிதனிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் கல் காத்திருக்கும், எனக்கு வரிசை வரும்போது வரட்டும். மற்றதையெல்லாம், நீ இங்கே வந்து நாலு பேருக்கு நல்ல பழக்கம் சொல்லித்தருவதையும், நான் போய் என் கையாலேயே அந்த அட்டையைக் கிழிப்பதையும், அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

இனி இங்கே உட்கார்ந்து பிரயோஜனம் இல்லை, பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போகிறோம் என்று அவள் வீட்டுக்காரர் கிளம்பினார். நான்தான் ஃபோனிலேயே போக வேண்டாம் என்று தடுத்தேன். என் மகன் இப்போது ஃபோன் பண்ணிவிடுவான் என்று சொல்லிவிட்டேன். "உங்க புள்ள பண்ணிடும்க்கா, எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, அவள் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்.

அம்மா